அஞ்சுமணி அக்காவும் தனிக்குடித்தனம் போன கர்னலும்

இதை எழுதுகிறவன் அக்காவை முதன்முதலில் பார்த்தபோது அவர் தூங்கிக்கொண்டிருந்தார். சோதனை மேசையின் விளிம்பில் நெற்றியைச் சாய்த்து, ஒரு கையைப் பச்சை நிறச் சர்க்யூட் போர்டுக்குப் பக்கத்தில் நீட்டி வைத்திருந்தார். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் அது. குடும்பத்தில் யாரும் அதுவரை வாங்கியிராத பட்டம், கசங்காமலிருக்க இரண்டு அட்டைகளுக்கு நடுவே, தோள்பையில் இருந்தது. அந்தப் பையை எங்கே இறக்குவது என்று தெரியாமல் மேசை மேல் வைக்கப்போனபோது, கண்ணைத் திறக்காமலேயே அவர் சொன்னார்:

“அங்க வெக்காதப்பா. அது உயிரோட இருக்கு.”

போர்டில் மின்சாரம் ஓடுகிறது என்று அர்த்தம். பை தரைக்கு இறங்கியது. அவர் மறுபடி தூக்கத்துக்குள் போய்விட்டார். பக்கத்து மேசையில் சால்டரிங் செய்துகொண்டிருந்த நரைத்த தலைக்காரர், புகையை ஊதி விலக்கிக்கொண்டே, “அக்கா தூங்கல தம்பி, பூட் ஆயிட்டிருக்காங்க” என்றார்.

அந்தத் தூக்கத்துக்கு முன்னால் நடந்ததுதான் இந்தக் கதை. கொஞ்சம் அவர் வாயிலிருந்தும், மிச்சம் அந்தச் சால்டரிங்காரர் வாயிலிருந்தும் வந்தது.

அலுவலகத்தில் எல்லோருக்கும் அவர் அஞ்சுமணி அக்கா. ஐந்து அடித்துவிட்டால் கூரை பற்றி எரிந்தாலும் பையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார் என்பதால் வந்த பெயர். வயதில் மூத்தவர்களும் அக்கா என்றே கூப்பிட்டார்கள். சால்டரிங்காரருக்கு ஈயம் என்று பட்டப்பெயர். அவர் அக்காவைவிட நிச்சயம் பெரியவர். ஒருநாள் அவர் வாய்நிறைய அக்கா என்று கூப்பிட, “நான் உங்களுக்கு அக்கான்னா எங்கப்பா உங்களுக்கும் அப்பாதானே? ஒருநாள் வந்து பாத்துக்கங்களேன்” என்றாராம் அக்கா.

ஐந்து மணிக்குக் காரணம் அந்த அப்பாதான். காலமெல்லாம் பேருந்து ஓட்டியவர். குளியலறையில் வழுக்கி விழுந்ததில் இடுப்பெலும்பு முறிந்து, ஆணி வைத்துத் தைத்து, வாக்கரைப் பிடித்துக்கொண்டு கழிப்பறைவரை தானே போய்வரும் அளவுக்குத் தேறியிருந்தார். யாராவது பக்கத்தில் நின்றால் போதும், கையைக்கூடப் பிடிக்க வேண்டாம். அந்தப் பத்தடியில்தான் அவருடைய மானம் மரியாதை எல்லாம் இருந்தது. பகலில் எதிர்வீட்டு அத்தை வந்து நிற்பார். மாலையில் அக்கா. அத்தை விளக்கு வைக்கும் நேரத்துக்குள் தன் வீட்டுக்குப் போயாக வேண்டும். அதனால் ஐந்து மணி.

அக்கா இதற்கு முன்னால் வேறொரு பெரிய நிறுவனத்தில் பல வருடம் இதே தொழிலில் இருந்தவர். அப்பா விழுந்ததும் அதை விட்டார். திரும்ப வேலை தேடியபோது ஐந்து மணி என்ற சொல்லைக் கேட்டதுமே முகத்தைச் சுளித்தவர்கள் பலர். சுளிக்காதவர் இங்கே இருக்கும் மேனேஜர் ஒருவர்தான். டயர் கடைக்கு மேலே இரண்டு மாடியில் நடக்கும் சிறிய நிறுவனம். நோயாளியின் நரம்பில் மருந்தை அளந்து அளந்து செலுத்தும் பம்பு செய்கிறார்கள். கீழே டயருக்குக் காற்று அடிக்கும் சத்தம், மேலே மருந்து இறங்கும் சத்தம். காது பழகிவிட்டால் இரண்டும் ஒன்றுதான்.

அந்தப் பம்புக்குள் ஒரு சின்ன சிப். சிப்புக்குள் ஓடுவதை ரியல்டைம் ஆபரேட்டிங் சிஸ்டம் என்பார்கள். நம் கைபேசி கொஞ்சம் தாமதமாக விழித்தால் நாம் அதைத் திட்டுவோம், அவ்வளவுதான். இந்தப் பம்பு அப்படிச் செய்யக்கூடாது. குழாய் மடங்கி அடைத்துக்கொண்டாலோ, உள்ளே காற்றுக் குமிழி வந்தாலோ, குறித்த நேரத்துக்குள் மோட்டாரை நிறுத்தி மணியடித்தாக வேண்டும். பிறகு அடித்தால் அடித்தது கணக்கில்லை. இதை அக்கா ஒருநாள் அப்பாவிடம் விளக்கினார். அப்பா கட்டிலில் சாய்ந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

“அப்போ உன் மெஷின்ல பிரேக் இருக்கு.”

“இருக்குப்பா. இப்போதைக்கு லேட்டாப் பிடிக்குது.”

“லேட்டாப் பிடிச்சா அது பிரேக் இல்லம்மா. அது வருத்தம்.”

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. பிரேக் லேட்டாகப் பிடிப்பதுதான் அவருடைய அப்போதைய தலைவலி.

எப்படி வந்த தலைவலி என்றால், அந்த நிறுவனம் அதுவரை பயன்படுத்திவந்த சிஸ்டம் ஓப்பன் சோர்ஸ். யார் வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கலாம், திருத்தலாம், பயன்படுத்தலாம். ஊர்ப் பொதுக்கிணறு மாதிரி. கிணற்றுக்குச் சகடை மாட்டிப் பராமரித்துவந்த கூட்டத்துக்குள் மனஸ்தாபம் வந்தது. என்ன மனஸ்தாபம் என்பது அவர்களுக்கே முழுதாகத் தெரியாது என்பார் அக்கா. கடைசியில் ஒரு பாதி, மொத்தத்தையும் அப்படியே நகலெடுத்துக்கொண்டு, இனி எங்கள் வழி தனி வழி என்று பிரிந்துபோனது. தொழிலில் இதற்கு ஃபோர்க் என்று பெயர். ஈயத்தின் பாஷையில் தனிக்குடித்தனம். அதே பாத்திரம் பண்டம், அதே மசாலா டப்பா வரிசை, ஆனால் அடுப்பு வேறு. பிரிந்தவர்கள் சுறுசுறுப்பானவர்கள்; பம்பில் இருந்த புது சிப்புக்கு வேண்டியதையெல்லாம் அவர்கள்தான் கவனித்தார்கள். தாய்வீட்டில் அந்தச் சிப் ஏதோ ஓடும், கோளாறு வந்தால் சீண்ட ஆளில்லை.

எனவே தனிக்குடித்தனத்துக்கு மாறுவது என்று மேனேஜர் முடிவெடுத்தார். அலுவலகத்தில் எல்லோரும் குனிந்து தங்கள் செருப்பைப் பார்த்தார்கள். பழகின சிஸ்டத்தை விட்டு வேறொன்றைப் போர்டில் ஏற்றி முதல் மூச்சு விடவைப்பது நோகாத வேலை இல்லை. அக்காதான் நிமிர்ந்து பார்த்தார். அது தைரியத்தால் அல்ல. அத்தையின் மகளுக்குப் பிரசவம் நெருங்கிக்கொண்டிருந்தது. அத்தை தன் மகளின் ஊருக்குப் போய்விட்டால் பகலில் அப்பாவுக்குப் பக்கத்தில் நிற்க ஆளில்லை. பாதி வாரம் வீட்டிலிருந்து வேலை செய்ய அனுமதி கேட்டால் என்ன என்று அவர் பல நாளாக மனசுக்குள் உருட்டிக்கொண்டிருந்தார்.

கேட்டார். மேனேஜர் கெட்டவர் இல்லை. எதையும் கேள்வி போலவே சொல்லும் மனிதர்.

“அலாரம் டெஸ்ட் பாஸ் ஆகட்டுமே. அப்புறம் போர்டை வீட்டுக்கே எடுத்துட்டுப் போங்களேன், யாரு கேக்கப்போறா?”

போர்டு எழுந்து ஓட வேண்டும். அலாரம் நேரத்துக்கு அடிக்க வேண்டும். அதற்குள் அத்தை ஊருக்குப் போய்விடக்கூடாது. இல்லாவிட்டால் அப்பா முதியோர் இல்லத்துக்கு. அது தம்பியின் யோசனை. தம்பி நகரத்தின் மறுகோடியில் இருந்தான். இரண்டு அறை வீடு, இரட்டைக் குழந்தைகள், மனைவிக்கும் வேலை. அவனைக் குறை சொல்ல அக்காவிடம் ஒன்றுமில்லை. “அக்கா, நீயும் மனுஷிதானே. கொஞ்ச நாளைக்கு அங்க இருக்கட்டுமே. நல்லாத்தான் பாத்துக்கறாங்களாம்” என்று ஞாயிறுதோறும் வந்து சொல்லிவிட்டுப் போவான். அவன் போனதும் அப்பா, “எங்க பாத்துக்கறாங்களாம்?” என்று கேட்பார். அக்கா ஒன்றுமில்லை என்பார். அப்பா மறுபடி கேட்கமாட்டார். கண்ணாடியில் பின்னால் வரும் வண்டியைப் பார்த்தே பழகியவர்; யாரும் சொல்லித்தான் தெரியவேண்டும் என்பதில்லை.

தனிக்குடித்தனக்காரர்கள் தங்கள் சிஸ்டத்தைத் தொடங்குவது எப்படி என்று ஒரு பக்கம் எழுதி வைத்திருந்தார்கள். முதலில் இந்தக் கருவியை நிறுவு, பிறகு இந்தக் கமாண்டால் எல்லாவற்றையும் இறக்கு, பிறகு பில்ட் செய், அதாவது எழுதியதைச் சிப்புக்குப் புரியும் வடிவத்துக்கு மாற்று, பிறகு போர்டில் ஏற்று, விளக்கு மினுக்கும் பார். அக்கா அதைப் படிக்கத் தொடங்கினார், நாலு வரியில் நிறுத்தினார். தாய்வீட்டில் பல வருடம் குப்பை கொட்டியவருக்கு அந்தப் பக்கத்தில் என்ன புதிதாக இருக்கும்? சொந்தத் தெருவில் நடக்க யாராவது வழி கேட்பார்களா? கைவிரல்கள் தாமாகவே ஓடின. கமாண்டுகள் மனப்பாடம். எல்லாம் இறங்கியது. சிஸ்டத்தின் நடு உயிரான பகுதிக்குக் கர்னல் என்று பெயர்; பிரிந்தவர்களின் கர்னலைப் படித்துப் பார்க்கவும் திருத்தவும் ஒரு ஃபோல்டரில் தனியாக இறக்கி வைத்துக்கொண்டார். பில்ட் ஆனது. முதல் முயற்சியிலேயே போர்டில் சின்ன விளக்கு மினுக் மினுக்கென்றது.

ஈயம் கைதட்டினார். “பொறந்த உடனே கண்ணு முழிக்குது பாருங்க” என்றார். மேனேஜர் எட்டிப்பார்த்து, “அப்போ முடிஞ்சுதா?” என்றார். அன்று மட்டும் அக்கா ஐந்து மணிக்குக் கிளம்பும்போது படியில் கொஞ்சம் வேகமாக இறங்கினாராம்.

விளக்கு மினுக்கியது, அலாரம்தான் சொதப்பியது. குழாயைக் கிள்ளிப் பிடித்தால் பெரும்பாலும் சரியாக அடிக்கும். திடீரென்று ஒருமுறை தாமதிக்கும். எப்போது தாமதிக்கும் என்று சொல்லமுடியாது. நல்லவேளை காட்டிக்கொடுத்தது என்று எண்ணிக்கொண்டு அக்கா உள்ளே இறங்கித் தேடினார். பேட்டரியை மிச்சம் பிடிக்க அந்தச் சிப் இடையிடையே கண்ணயரும். கண்ணயர்ந்து எழும்போது உள்ளே ஓடும் கடிகாரம் கொஞ்சம் பின்தங்கிவிடுகிறது. அசந்து தூங்கி எழுந்தவர் இது காலையா மாலையா என்று முழிப்பதுபோல. அக்காவுக்கு அந்தச் சிப்பின் மேல் லேசாக இரக்கம்கூட வந்தது.

நோய் தெரிந்துவிட்டது, மருந்து கர்னலில் இருக்கிறது. தன் ஃபோல்டரைத் திறந்து கடிகாரம் சம்பந்தப்பட்ட பகுதியில் கைவைத்தார். திருத்தி, பில்ட் செய்து, ஏற்றி, குழாயைக் கிள்ளினார். தாமதம். வேறுவிதமாகத் திருத்தினார். தாமதம். அலாரத்தின் சத்தத்தை மாற்றினால் சத்தம் மாறுகிறது, திரையில் எழுத்தை மாற்றினால் எழுத்து மாறுகிறது. தான் எழுதுவது போர்டுக்குப் போகிறது என்பதில் சந்தேகத்துக்கே இடமில்லை. கடிகாரம் மட்டும் அசைந்துகொடுக்கவில்லை. செக்குமாடு மாதிரி அதே வட்டம். குழாயைக் கிள்ளிக் கிள்ளி அவர் கட்டைவிரல் நகம் கறுத்துப்போனது.

போர்டின் மேல் சந்தேகம் வந்தது. ஈயத்திடம் போய், ஒருவேளை நீங்கள் ஒட்டியதில்தான் கோளாறோ என்று கேட்டார். தன்னை வேறெப்படித் திட்டினாலும் ஈயம் தாங்கிக்கொள்வார். அன்று முகம் சிவந்து, கடிகாரத்துக்குத் துடிப்புக் கொடுக்கும் படிகத்தைக் கழற்றிப் புதிதாக ஒட்டிக்கொடுத்தார். ஒட்டியதும், “ஆடத் தெரியாதவங்க மேடையத்தான் மாத்தச் சொல்வாங்க” என்று போர்டிடம் சொல்வதுபோல் சொன்னார். தாமதம் அப்படியே இருந்தது. இரண்டு நாள் அவர்கள் பேசிக்கொள்ளவில்லை. மூன்றாவது நாள் ஈயமே தேநீர் கொண்டுவந்து வைத்தார். அக்கா குடிக்க மறந்துவிட்டார்.

கடைசியில் தனிக்குடித்தனக்காரர்களுக்கே எழுதிக் கேட்டார். கர்னலின் கடிகாரப் பகுதியைக் கவனிக்கும் ஒருவர் எங்கோ கடல் தாண்டி இருந்துகொண்டு பதில் போட்டார். மரியாதையான பதில்தான். நீங்கள் சொல்லும் நோய் தாய்வீட்டில் உண்டு. நாங்கள் பிரிந்த கையோடு அதைச் சரிசெய்துவிட்டோம். எங்களிடம் அது வர வாய்ப்பே இல்லை. அக்கா அதை இரண்டுமுறை படித்தார். இத்தனை வருடம் இந்தத் தொழிலில் இருந்தவரிடம், உனக்கு ஜுரமே இல்லை என்று சொன்னது போலிருந்தது. வராத நோய்க்கா நான் நகம் கறுக்க வைத்தியம் பார்க்கிறேன் என்று மூடிவைத்துவிட்டார். அந்தப் பதிலில்தான் விடை இருந்தது. களைத்த கண்ணுக்குக் கோபம் மட்டும்தான் தெரியும்.

குழந்தைகளுக்கு நாள் நட்சத்திரம் தெரியாது. அத்தையின் மகளுக்கு முன்கூட்டியே வலி வந்துவிட்டது. அத்தை காலையில் பையும் கையுமாக வாசலில் வந்து நின்று, “என்னடி பண்ணட்டும், பொண்ணாச்சே” என்று அழாத குறையாகச் சொன்னார். போங்கள் அத்தை என்று அக்கா அனுப்பிவைத்தார். அன்று விடுப்பு எடுத்தார். மறுநாளும் எடுத்தார். மேனேஜர் தொலைபேசியில், “டெஸ்ட் என்னாச்சு, தள்ளிப்போகுமா?” என்று கேட்டார். அதற்கடுத்த நாள் தம்பி காரோடு வந்துவிட்டான்.

அப்பா சட்டை மாற்றிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தார். யாரும் மாற்றச் சொல்லவில்லை. அக்கா வாக்கரை எடுத்துக் காரின் பின்னால் வைத்தார்.

“கொஞ்ச நாள்தாம்ப்பா. போர்டு ஓடிடுச்சுன்னா வந்து கூட்டிட்டு வந்துடுவேன்.”

“ஓடும். நீ அவசரப்படாதே. அவசரத்துல கியர் மாத்தினா பெட்டிதான் போகும்.”

கார் போனபிறகு அக்கா வீட்டுக்குள் வந்து, கட்டிலுக்கும் கழிப்பறைக்கும் நடுவில் இருந்த அந்தப் பத்தடியில் கொஞ்சநேரம் நின்றார். யாருக்காக நிற்கிறோம் என்று தோன்றியதும் கதவைப் பூட்டிக்கொண்டு அலுவலகத்துக்குப் போனார்.

அதற்குப் பிறகு ஐந்து மணிக்குக் கிளம்பவேண்டிய தேவை இல்லை. இருந்தும் பழக்கதோஷத்தில் ஐந்தானதும் பையை எடுப்பார். எங்கே போவது என்று நினைவு வந்து மறுபடி வைப்பார். மாலையில் இல்லத்துக்குப் போனால் பார்வை நேரம் முடிந்திருக்கும். ஞாயிறு மட்டும் போனார். அங்கே குறை சொல்ல ஒன்றுமில்லை. சுத்தமான படுக்கை, நேரத்துக்குச் சாப்பாடு. ஒரு பணிப்பெண்ணுக்குப் பல கட்டில்கள். ஒருவர் வாக்கரைப் பிடித்துப் பத்தடி நடந்து போய்வரும்வரை பக்கத்தில் நிற்க அவளுக்கு எங்கே நேரம்? படுக்கையிலேயே எல்லாவற்றையும் முடித்துவிடுவது சுலபம். வாக்கர் சுவரோரம் மடித்துச் சாத்தியிருந்தது. முதல் ஞாயிறு அக்கா அதைப் பார்த்தார். அப்பா அதைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தார்.

திருப்பம் வந்தது ஒரு சாதாரண மதியப் பொழுதில். சாப்பாட்டுக்குப் பின்னால் எல்லோருக்கும் கண் சொக்கும் நேரம். கீழே யாரோ டயர் கழற்றிக்கொண்டிருந்தார்கள். அக்கா கர்னலின் அந்தக் கடிகாரப் பகுதியைத் திறந்து வைத்து எவ்வளவு நேரம் வெறித்துக்கொண்டிருந்தார் என்று தெரியாது. எல்லா வழியும் பார்த்தாகிவிட்டது. விரல்கள் விசைப்பலகை மேல் சும்மா கிடந்தன. அவர் கணினியில் தமிழ் எழுத்தும் உண்டு, தம்பிக்குச் செய்தி அனுப்ப. அந்த எழுத்தில், கடிகாரத்தின் நட்டநடு நெஞ்சில், ஒரு சொல்லை அடித்தார்.

போதும்.

யாருக்குச் சொன்னார் என்று அவருக்கே தெரியாது. கை வழக்கம்போல் சேமித்தது, வழக்கம்போல் பில்ட் கமாண்டைத் தட்டியது. தட்டிய பிறகுதான் அடடா, தப்பாகப் போகுமே என்று நினைத்தார். போகத்தான் வேண்டும். அந்த இடத்தில் ஒரு முற்றுப்புள்ளி கூடுதலாக இருந்தாலே இயந்திரம் இதென்ன என்று கூச்சல் போடும். முழுசாய் ஒரு சொல்லை நடுவில் வைத்தால் சும்மா விடுமா?

விட்டது. ஒரு முணுமுணுப்பில்லை. பில்ட் வெற்றி என்று பச்சை எழுத்தில் வந்தது.

அக்கா கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தார். போதும் அங்கேயேதான் இருந்தது. இன்னொரு முறை தட்டினார். வெற்றி. கல்லைக் கலந்து வைத்தும் சாப்பிடுகிறவர் பல்லில் படவில்லை என்றால், அவர் இந்தப் பாத்திரத்திலிருந்து சாப்பிடவே இல்லை.

அப்புறம் கண்டுபிடிக்க நேரம் ஆகவில்லை. எல்லாவற்றையும் இறக்கிக்கொடுக்கும் அந்தக் கருவிக்கு, எந்த வீட்டிலிருந்து எடுக்கவேண்டும் என்று முகவரி சொல்லவேண்டும். சொல்லாவிட்டால் அது பழைய முகவரிக்கே போகும், தாய்வீட்டுக்கு. தொடங்குவது எப்படி என்ற பக்கத்தில் ஐந்தாவது வரி அதுதான். அக்கா நாலு வரியில் நிறுத்தியிருந்தார். விரல்கள் பல வருடப் பழக்கத்தில் முகவரி இல்லாத பழைய கமாண்டை அடித்திருந்தன. கருவி சமர்த்தாகப் போய்த் தாய்வீட்டுக் கர்னலைக் கொண்டுவந்து உள்ளே ஓர் ஓரத்தில் வைத்துக்கொண்டது. போர்டில் அன்றுமுதல் இன்றுவரை ஓடியது அதுதான். அக்கா தனியாக இறக்கி வைத்து, திருத்தித் திருத்தி, நகம் கறுத்தது எல்லாம் யாருமே திறந்து பார்க்காத ஃபோல்டர். அலாரத்தின் சத்தமும் திரையின் எழுத்தும் கர்னலில் சேராதவை. அவை பம்பின் சொந்த நிரல், அதனால் மாறின. பிரிந்துபோனவர்கள் இன்னும் பெயர்ப்பலகைகூட மாற்றாததால், போர்டு எழும்போது திரையில் வரும் முதல் வரியும் இரண்டு வீட்டுக்கும் ஒன்றாகவே இருந்தது.

புதிதாகப் படிக்க வருகிறவன் இந்தத் தப்பைச் செய்யவே முடியாது. அவன் பயந்து பயந்து வரிக்கு வரி பார்த்து அடிப்பான். வழி தெரிந்தவர்தான் இப்படி வழி தப்பமுடியும்.

அக்கா சிரிக்க ஆரம்பித்தார். மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு தோள் குலுங்க. அக்கா அழுகிறார் என்று நினைத்து ஈயம் சால்டரிங் கம்பியை வைத்துவிட்டு ஓடிவந்தார். அக்கா திரையைக் காட்டி விஷயத்தைச் சொன்னார். ஈயத்துக்குப் புரியக் கொஞ்சம் நேரம் பிடித்தது.

“அதாவது, தனிக்குடித்தனம் போயாச்சு. தனி அடுப்பும் பத்த வெச்சாச்சு.”

“ம்.”

“சாப்பாடு மட்டும் இன்னிக்கு வரைக்கும் அம்மா வீட்டுக் கேரியர்ல வந்திட்டிருந்திருக்கு.”

“ஆமா. நான் இங்க உக்காந்து உப்பு கம்மி, உப்பு கம்மின்னு காலி சட்டியில உப்பு போட்டுட்டிருந்திருக்கேன்.”

ஈயம் அவர் முகத்தைப் பார்த்தார். அதற்குமேல் கிண்டல் பண்ண அவருக்கு வாய் வரவில்லை. “படிகத்தைக் கழட்ட வெச்சீங்களே, அதுக்கு ஒரு டீ வாங்கிக் குடுங்க” என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பிப்போனார்.

அக்கா முகவரியோடு சேர்த்துக் கமாண்டை அடித்தார். எல்லாம் புதிதாக இறங்கியது. தான் செய்த திருத்தங்களில் ஒன்றையும் எடுத்துவரவில்லை. தேவையில்லை, கடல் தாண்டிய மனிதர் சொன்னது உண்மை, அங்கே கடிகாரம் ஏற்கெனவே சரியாக இருந்தது. ஏற்றினார். குழாயைக் கிள்ளினார். அடித்தது. மறுபடி கிள்ளினார். அடித்தது. சாயங்காலம்வரை கிள்ளினார். ஒருமுறைகூடத் தாமதிக்கவில்லை. சிப் கண்ணயர்ந்தது, எழுந்தது, தான் எங்கே இருக்கிறோம் என்று அதற்குச் சரியாகத் தெரிந்தது.

சோதனைக்கூடத்தில் பம்பு தேறியது. மேனேஜர் வந்து, “அப்போ போர்டை எடுத்துட்டுப் போறீங்களா?” என்று கேட்டார். சொன்ன சொல் தவறாத மனிதர். அக்கா போர்டைப் பஞ்சுப் பையில் சுற்றி எடுத்துக்கொண்டு, வீட்டுக்குக்கூடப் போகாமல், நேரே இல்லத்துக்குப் போனார்.

அப்பா மெலிந்திருந்தார். சவரம் செய்திருந்தார்கள். அக்கா மடித்துச் சாத்தியிருந்த வாக்கரை விரித்துக் கட்டிலோரம் வைத்தார். வாங்கப்பா, கார்வரைக்கும் நடப்போம் என்றார். அப்பா கையை நீட்டிப் பிடித்தார். எழ முயன்றார். இடுப்பு எழுந்தது, முழங்கால் எழவில்லை. இன்னொரு முறை முயன்றார். பிறகு வாக்கரை விட்டுவிட்டு மெல்ல உட்கார்ந்தார். பணிப்பெண் தள்ளுநாற்காலியை எடுக்கப் போனாள்.

அவர் அக்காவின் கையில் இருந்த பையைப் பார்த்தார்.

“அதுவா? பிரேக் பிடிக்குதா இப்போ?”

“பிடிக்குதுப்பா. சரியாப் பிடிக்குது.”

“எதுல இருந்துச்சு கோளாறு?”

“என்கிட்டப்பா. ஒரு வரிய படிக்காம விட்டுட்டேன்.”

அப்பா தலையை ஆட்டினார். “தெரிஞ்ச ரூட்டுலதான் நானும் ரோட்டோரப் போர்டைப் பாக்கமாட்டேன்” என்றார். லேட்டாகப் பிடிக்கும் பிரேக்கைப் பற்றி அவர் முன்பு சொன்ன பேச்சு இருவருக்குமே ஞாபகம் இருந்தது. இருவரும் அதை எடுக்கவில்லை.

வீட்டுக்கு வந்த அன்று அப்பா தூங்கிய பிறகு அக்கா செய்த முதல் வேலை, தனிக்குடித்தனக்காரர்களுக்கு ஒரு திருத்தம் அனுப்பியது. கர்னலுக்கு இல்லை, அந்தத் தொடங்கும் பக்கத்துக்கு. நாலாவது வரிக்கும் ஐந்தாவது வரிக்கும் நடுவில் ஒரு வரி: நீங்கள் தாய் சிஸ்டத்தில் பழகியவராக இருந்தால், அடுத்த வரியைத் தாண்டிப் போகாதீர்கள். கடல் தாண்டிய மனிதர் ஒரு நன்றியோடு அதை ஏற்றுக்கொண்டார். பெயர்ப்பலகையையும் சீக்கிரம் மாற்றிவிடுகிறோம் என்று எழுதியிருந்தார். ஓப்பன் சோர்ஸ் உலகுக்கு அக்காவின் பங்களிப்பு இதுவரை அந்த ஒரு வரிதான். யார் கேட்டாலும் அவர் அதைச் சொல்லிக்கொள்வதில்லை. ஈயம்தான் ஊரெல்லாம் சொல்லித் திரிகிறார்.

போதும் என்ற சொல்லை அவர் இன்னும் அழிக்கவில்லை. அந்த ஃபோல்டர் அப்படியே இருக்கிறது. யாரும் திறக்காத வீட்டில் யாருக்கு இடைஞ்சல் என்கிறார்.

இப்போது அக்கா செவ்வாயும் வியாழனும் அலுவலகம் வருகிறார். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு சோதனை மேசையில் தலைசாய்த்துக் கொஞ்சம் தூங்குகிறார், யாரும் எழுப்புவதில்லை. அத்தை மகளையும் பேத்தியையும் கூட்டிக்கொண்டு திரும்பிவிட்டார். அந்த இரண்டு நாளும் அவர் வந்து நிற்கிறார். மற்ற நாள்களில் போர்டு வீட்டில், அப்பாவின் கட்டிலுக்குப் பக்கத்து மேசையில் இருக்கிறது. அப்பா வாக்கரைப் பிடித்து ஜன்னலோர நாற்காலிவரை வருகிறார். கழிப்பறைவரை இன்னும் போகவில்லை. ஐந்து மணிக்கு அக்கா வேலையை நிறுத்துகிறார்.